ஆயாவின் சக்கர நாற்காலி: பதினோரு மாதங்களுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

கடந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெங்களூரு சிவாஜிநகரில் உள்ள ஒரு சர்ஜிக்கல் கடையில் 8,500 ரூபாய்க்கு நாங்கள் வாங்கிய மடக்குச் சக்கர நாற்காலியைப் பற்றி எழுதுகிறேன். வாங்குவதற்கு முன் நான் தேடிப் படித்த மதிப்பீடுகளில் பெரும்பாலானவை பொருள் வீட்டுக்கு வந்த மறுநாளே எழுதப்பட்டவை. பெட்டி நன்றாகக் கட்டப்பட்டிருந்தது, சீக்கிரம் வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அவற்றில் ஏதும் இல்லை. முதியவர் ஒருவரை அதில் உட்காரவைத்துக் கத்தோலிக்கக் கோவிலுக்குக் கூட்டிச் சென்று, ஞாயிறு பூசை (திருப்பலி) முடியும் வரை வலியில்லாமல் இருக்கச் செய்து, திரும்ப வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்பதை அவற்றிலிருந்து அறிய முடியவில்லை. எங்களுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

ஆயாவுக்கு, அதாவது என் பாட்டிக்கு, வயது 81. தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பிறகு குடும்பம் லிங்கராஜபுரத்துக்குக் குடிபெயர்ந்தது. நான் வளர்ந்தது இங்கேதான். ஆயாவுக்கு ஆறு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய் இருக்கிறது. கை நடுக்கத்தைவிட அவரை அதிகம் முடக்கியது, கால்கள் திடீரென்று தரையோடு ஒட்டிக்கொள்வதுதான். சமமான தரையில் நடந்து வருபவர் வாசற்படியைக் கண்டதும் நின்றுவிடுவார். பின்னாலிருந்து அவசரப்படுத்தினால் உடல் முன்னே சாயும், பாதம் நகராது. இருமுறை விழுந்த பிறகு கோவிலுக்குப் போவது நின்றது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பங்குக் கோவிலிலிருந்து, பூசையில் அர்ச்சிக்கப்பட்ட அப்பமான நற்கருணையைக் கொண்டு பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஆயா அதற்கு நன்றியோடு இருந்தார். ஆனால் ஞாயிறு காலையில் தலைவாரி, துவைத்த புடவை உடுத்தி, பூசை முடியும் நேரம் வரை சன்னலோரம் உட்கார்ந்திருப்பார். நன்மை (நற்கருணை) வாங்குவது வேறு, பூசை காண்பது வேறு என்பது அவருடைய கணக்கு. இரண்டு ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மூன்றாம் ஆண்டில்தான் நாற்காலி வாங்கலாம் என்ற எண்ணம் எங்களுக்கு வந்தது. அந்தத் தாமதம் எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது.

முதலில் ஆயா சம்மதிக்கவில்லை. அதில் ஒருமுறை உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்கவே மாட்டோம் என்று பயந்தார். தெருவில் தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்ற கூச்சமும் இருந்தது. பாப்பரசர் பிரான்சிஸ் 2022 மே மாதத்திலிருந்து முழங்கால் வலியால் சக்கர நாற்காலியில் மக்கள் முன் வந்தார் என்பதைக் கைப்பேசியில் படங்களோடு காட்டினேன். ஆயா அதைப் பார்த்துத் தலையசைத்ததோடு சரி. பின்னர் பேச்சுவாக்கில், அவருக்கு முன்பிருந்த பாப்பரசர்களில் ஒருவரான இரண்டாம் அருள் சின்னப்பருக்கும் இதே பார்க்கின்சன் நோய்தான் இருந்தது என்று சொன்னேன். "அவருக்கும் இந்த வியாதிதானா பாப்பா?" என்று இரண்டு முறை கேட்டார். இறுதி ஆண்டுகளில் அவருடைய கை நடுங்கியதையும் பேச்சு குழறியதையும் தொலைக்காட்சியில் பார்த்தவர்தான். தன் நோயோடு அதைச் சேர்த்து எண்ணியதில்லை. அடுத்த சனிக்கிழமை நாங்கள் கடைக்குப் போனோம்.

நாங்கள் வாங்கியது இரும்புச் சட்டத்தில் குரோம் பூசிய, பதினெட்டு அங்குல இருக்கை கொண்ட வழக்கமான வகை. பின்சக்கரம் 24 அங்குலம், முன்சக்கரம் 8 அங்குலம், எடை ஏறத்தாழ 18 கிலோ. இதே அமைப்பில் பல நிறுவனங்கள் செய்கின்றன. எனவே நிறுவனத்தின் பெயரைவிட அளவுதான் முக்கியம். நான் செய்த பெரிய பிழை அளவில்தான். எல்லோருக்கும் பதினெட்டு அங்குலம்தான் கொடுக்கிறோம் என்று கடைக்காரர் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். ஆயாவின் இடுப்பு அகலம் பதினான்கு அங்குலம். இருபுறமும் இரண்டிரண்டு அங்குலம் காலியாகக் கிடப்பதால், ஏற்கெனவே இடப்பக்கம் சாயும் உடல் இன்னும் சாய்ந்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் விலா வலிக்கிறது என்பார். இப்போது இடப்பக்கம் ஒரு சுருட்டிய போர்வையை வைக்கிறோம். இடுப்பு அகலத்தோடு ஒன்று அல்லது இரண்டு அங்குலம் சேர்த்தால் போதும், பதினாறு அங்குல இருக்கையே அவருக்குச் சரி என்பதை வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் அளந்து காட்டினார். இருக்கை குறுகினால் நாற்காலியின் மொத்த அகலமும் குறையும். எங்கள் குளியலறைக் கதவின் அகலம் 27 அங்குலம், நாற்காலி 26 அங்குலம். ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் தள்ளுபவரின் விரல்முட்டி சட்டத்தில் உரசுகிறது. கடைக்குப் போவதற்கு முன் இரண்டு அளவுகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: அமர்பவரின் இடுப்பு, வீட்டின் மிகக் குறுகிய கதவு.

நாற்காலியோடு வரும் ரெக்சின் இருக்கையில் அப்படியே உட்காரவைக்காதீர்கள். எலும்பு துருத்திய உடலுக்குப் புண் வரும். மூன்று அங்குலப் பஞ்சணை வாங்கிப் போட்டோம். அதனால் உடல் உயர்ந்து, பாதங்கள் கால்தாங்கியில் படாமல் தொங்கின. கால்தாங்கியின் திருகைத் தளர்த்தி மேலேற்றிய பிறகுதான் தொடைகள் சரியாகப் படிந்தன. திருப்பலி ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும்போது, மன்றாட்டுகளின் நேரத்தில் நான் குனிந்து அவரைச் சற்று முன்னால் சாய்த்து, அழுத்தம் மாறும்படி மறுபடி உட்காரவைப்பேன். பார்ப்பவர்கள் காதில் ஏதோ சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடையது காற்றடைக்காத, கெட்டி ரப்பர் டயர். பஞ்சராகாது என்பது அதன் நன்மை, ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புக்குத் தெரிவது அதன் தீமை. பெங்களூரு நடைபாதையில் சாக்கடைமேல் பதித்த கற்பலகைகளுக்கு இடையே உள்ள இடைவெளியில் முன்சக்கரம் சிக்கிக்கொண்டால் உட்கார்ந்திருப்பவர் முன்னே தூக்கி எறியப்படலாம். பின்னால் கீழே நீண்டிருக்கும் குழாயைக் காலால் மிதித்து, முன்சக்கரத்தைத் தூக்கிக் கடக்க வேண்டும். இதைக் கடையில் எவரும் கற்றுத்தரவில்லை. பயணத்துக்கு ஆட்டோதான் உகந்தது. மடித்தால் ஒரு பெரிய பெட்டியின் தடிமனுக்குச் சுருங்கி, கால் வைக்கும் இடத்தில் குறுக்காக நின்றுவிடும். வாடகைக் கார்களில் பலவற்றின் பின்பெட்டியை சி.என்.ஜி. சிலிண்டரே நிரப்பிவிடுவதால் நாற்காலிக்கு இடமிருக்காது. இரண்டு முறை காரைத் திருப்பி அனுப்பிய பிறகு, அழைக்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுகிறோம்.

இனி கோவில். எங்கள் பங்குக் கோவிலுக்கு மூன்று படிகள், மொத்தம் பதினெட்டு அங்குல உயரம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான விதி. அதன்படி பதினெட்டு அடி நீளம் வேண்டும். பக்கவாசலில் இருக்கும் சிமெண்டுச் சாய்தளம் ஏழு அடிகூட இல்லை. நல்ல மனத்தோடு கட்டியிருக்கிறார்கள், ஆனால் அதில் நாற்காலியைத் தனியாக ஏற்ற என்னால் முடியவில்லை. முதல் ஞாயிறன்று பாதியில் நின்று மூச்சு வாங்கியபோது, வின்சென்ட் தே பவுல் சபையைச் சேர்ந்த பெரியவர்கள் இருவரும், பீடச் சிறுவர்கள் இருவரும் ஓடிவந்து ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தூக்கினார்கள். முடக்குவாதமுற்றவரை நான்கு பேர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கிய பகுதியை (மாற்கு, இரண்டாம் அதிகாரம்) மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இயேசு அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டார் என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. சுமந்தவர்களுடைய நம்பிக்கையும் கணக்கில் வருகிறது என்பது அன்றுதான் எனக்குப் பட்டது.

இதை நான் சொல்வதற்குக் காரணம், கல்லூரிக்குப் போன நாளிலிருந்து கிறிஸ்துமசுக்கும் பாஸ்காவுக்கும் தவிர நான் கோவிலுக்குப் போனதில்லை. எனக்கு 26 வயது. கடவுள் இல்லை என்று ஒருநாளும் முடிவுசெய்யவில்லை. ஆயா விழுந்து நெற்றி உடைந்த இரவுக்குப் பிறகு கடவுளோடு பேச எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இந்த நாற்காலியில் சுயமாகத் தள்ளிக்கொள்ளும் வளையம் இருந்தாலும் ஆயாவின் கைகளால் அதைப் பிடிக்க முடியாது. எனவே தள்ள ஓர் ஆள் வேண்டும். அம்மாவுக்கு இடுப்புவலி, அப்பாவுக்கு ஞாயிறும் வேலை. நான் போனேன். முதல் சில வாரங்கள் தள்ளுபவளாக மட்டும் நின்றேன். கிறிஸ்துமஸ் காலத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை ஒப்புரவு அருள்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) போய்விட்டு வந்தேன். என்னுடைய கேள்விகள் தீரவில்லை. அவற்றோடுதான் நாற்காலியின் பின்னால் நிற்கிறேன்.

உள்ளே சென்றதும் அடுத்த சிக்கல். பவனி போகும் நடுவழியை அடைக்கும் என்று எங்களைக் கடைசியில் நிறுத்தினார்கள். நற்செய்தி வாசிக்கையில் எல்லோரும் எழுந்ததும் ஆயாவுக்கு முதுகுகள் மட்டுமே தெரிந்தன. மூன்று வாரங்கள் பொறுத்துவிட்டுப் பங்குத்தந்தையிடம் சொன்னேன். அவர் தச்சரை வரவழைத்து இடப்பக்க முதல் பெஞ்சின் ஓரத்தில் மூன்று அடியை அறுத்தெடுக்கச் செய்தார். இப்போது ஆயா வரிசையின் ஓரத்தில், மற்றவர்களோடு சேர்ந்து உட்காருகிறார். மரியாயின் சேனை என்ற பக்தி அமைப்பைச் சேர்ந்த ஓர் அம்மா பக்கத்தில் அமர்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொள்கிறார். எழுந்தேற்றத்தின்போது, அதாவது குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் நேரத்தில், எல்லோரும் முழந்தாளிட, ஆயாவின் தலையும் அவர்களுடைய தலைகளும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு வருகின்றன. பஞ்சணையின் மூன்று அங்குலமும் சேர்த்துத்தான். ஒரு சக்கர நாற்காலிக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை.

மாத்திரையின் நேரத்தையும் திருப்பலியின் நேரத்தையும் பொருத்துவது தனி வேலை. பார்க்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரையை உணவுக்கு அரை மணி முன்னதாகக் கொடுக்க வேண்டும். புரதம் நிறைந்த உணவோடு சேர்ந்தால் அதன் வேலை குறையும். ஆறு மணிக்கு மாத்திரை, ஆறரைக்கு இட்லி, ஏழரைப் பூசை என்று வைத்துக்கொண்டால் நன்மை வாங்கும் நேரத்தில் நாவும் தொண்டையும் ஓரளவு ஒத்துழைக்கின்றன. நற்கருணைக்கு முன் உண்ணக்கூடாதே என்று ஆயா இட்லியைத் தள்ளிவைத்தார். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அந்த விதி இல்லை, அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் இல்லை என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 919ஆம் எண்ணில் சொல்கிறது. பங்குத்தந்தை அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் சாப்பிட்டார். கவனித்துக்கொள்பவர்களையும் நினைத்து அந்த வரியை எழுதியவர்கள் யாரோ, அவர்களுக்காக நான் ஒரு மன்றாட்டுச் சொன்னேன். அப்பத்தை முழுதாக விழுங்க முடியாத நாள்களில் ஒரு சிறு துண்டு மட்டும் கொடுத்து, பின் ஒரு மிடறு தண்ணீர் தருகிறோம்.

செபமாலையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. பார்க்கின்சன் நடுக்கத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உருள்கின்றன. மாத்திரை உருட்டுவதுபோல் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஆயா எந்நேரமும் மணி உருட்டிச் செபிப்பதுபோல் தோன்றும். உண்மையில் மாத்திரை வேலை செய்து நடுக்கம் அடங்கும்போதுதான் அவர் செபமாலையைக் கையில் எடுப்பார். அது நழுவிச் சக்கரத்துக்குள் விழுந்து ஒருமுறை அறுந்துபோனது. இப்போது கைதாங்கியில் நாடாவால் கட்டிவைத்திருக்கிறோம். வழியில் நான் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கினால், அவர் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று தங்கவயலில் சிறுமியாகக் கற்ற பழைய செபத்தைச் சொல்கிறார். முன்பெல்லாம் புதிய செபமும் அவருக்குத் தெரியும். இப்போது அது மறந்துபோய்ப் பழையது மட்டும் ஒரு சொல்லும் சிதறாமல் வருகிறது. நான் அவருடையதைக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

செப்டம்பர் முதல் வாரத்தில், ஆரோக்கிய அன்னை பசிலிக்காவின் நவநாள்களில் ஒருநாள், கூட்டம் குறைவாக இருக்கும் பிற்பகலில் சிவாஜிநகருக்குப் போனோம். ஆகஸ்டு 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 தேர்த் திருவிழா வரை அந்தப் பகுதி முழுவதும் மக்கள் வெள்ளம்தான். காவிப் புடவைகள், மெழுகுவர்த்திகள், பூக்கடைகள். 1882இல் அர்ச்சிக்கப்பட்ட கோவில் அது. அந்த இடத்தைப் பிளாக்பள்ளி என்று சொல்லும் பழக்கம் ஆயாவின் வயதினரிடம் இன்னும் இருக்கிறது. நெருக்கத்தில் நாற்காலியின் கால்தாங்கி முன்னால் செல்பவர்களின் குதிகாலில் இடிக்கும் என்பதால், கூட்டத்தில் நான் அதைப் பின்னோக்கி இழுத்துச் சென்றேன். இது பயனுள்ள வழி. புடவை சாத்திய மாதாவின் முன் நிறுத்தி, பிரேக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆயா ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். கிளம்பலாமா என்று நான் மூன்று முறை கேட்டேன்.

நோயாளிகளுக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில் பூசுதல் என்ற சடங்குக்கு ஆயா நெடுநாள் மறுத்துவந்தார். அவர் தலைமுறையில் அதன் பெயர் அவஸ்தைப் பூசுதல். சாமியார் எண்ணெயோடு வீட்டுக்கு வந்தால் ஆள் போகப்போகிறது என்று பொருள். கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம், இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று என்று தெளிவுபடுத்தியது. திருத்தப்பட்ட சடங்குமுறைக்கு 1972இல் பாப்பரசர் ஆறாம் பவுல் ஒப்புதல் அளித்தார். நான் இதையெல்லாம் சொல்லியும் பயன் இல்லை. லூர்து அன்னை திருநாளான பிப்ரவரி 11 உலக நோயாளர் நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று எங்கள் பங்கில் முதியோர் அனைவருக்கும் சேர்த்துப் பூசுதல் நடந்தது. நாற்காலி இருந்ததால் ஆயாவும் அங்கே இருந்தார். தன்னைவிட இளையவர்களும், நடந்தே வந்தவர்களும், பக்கத்துத் தெரு அந்தோணியம்மாள் அக்காவும் நெற்றியைக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தன் முறை வந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் கைதாங்கிகளின் மேல் மலர்த்தி வைத்தார். எண்ணெய் தடவிய அந்த நேரத்தில் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. வீட்டுப் படுக்கையில் தனியாக என்றால் அவர் சம்மதித்திருக்க மாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் மாதத்தில் வலப்பக்கப் பிரேக் தளர்ந்தது. கடைக்குத் தொலைபேசியில் சொல்லியும் எவரும் வரவில்லை, தெருமுனை சைக்கிள் கடையில் திருகை இறுக்கிக் கொடுத்தார்கள். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் நானே இரு பக்கமும் சோதிக்கிறேன். முதுகுப்புறப் பையின் தையல் இரண்டு மாதத்தில் விட்டது. மழையில் நனைந்த பிறகு துடைக்காமல் விட்ட இடத்தில் குரோமின் கீழ் துரு தெரிகிறது. இன்னொன்று பொருளின் குறையன்று, பயன்படுத்துபவர்கள் அறிய வேண்டியது: அமர்பவர் எழும்போதும் உட்காரும்போதும் கால்தாங்கிகளை மடக்கி விலக்கிவிட வேண்டும். அதன்மேல் மிதித்தபடி எழுந்தால் நாற்காலி முன்னே கவிழும். எங்களுக்கு ஒருமுறை நூலிழையில் தப்பியது.

இந்த விலைக்கு, ஓரளவு நிமிர்ந்து உட்காரக்கூடியவர்களுக்கு, சரியான இருக்கை அளவில் வாங்கினால் இது நல்ல நாற்காலி, தயங்காமல் வாங்கலாம். ஆயாவுக்கு இனி எத்தனை நாள் இது போதும் என்பதுதான் எங்கள் வீட்டில் இப்போது நடக்கும் பேச்சு. சூன் மாதத்திலிருந்து அவருடைய கழுத்து நிற்பதில்லை. தலையைத் தாங்கும் உயர்ந்த முதுகும், பின்னால் சாயும் வசதியும் உள்ள நாற்காலிக்கு மாறச் சொல்கிறார் மருத்துவர். கடையில் போய்ப் பார்த்தோம்; உடலுக்கு மிகவும் இதமானது, ஆனால் கனமானது, ஆட்டோவில் ஏறாது. அதை வாங்கினால் முதல் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கே நற்கருணை வரச் சொல்ல வேண்டும். ஆயாவிடம் கேட்டோம். மாதா திருநாள் முடியட்டும் என்றார். ஆகவே செப்டம்பர் 8 வரை இதே நாற்காலிதான். கழுத்துக்கு ஒரு பட்டை வாங்கியிருக்கிறோம், பிரேக்கை நேற்றிரவு இறுக்கினேன்.